கத்தி ஏன் மழுங்குகிறது, தீட்டும்போது என்ன நடக்கிறது?

பிளாஸ்டிக் பலகையில் காய் நறுக்கினால் நுண்பிளாஸ்டிக் துகள்கள் உதிர்கின்றன என்பதை அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் அளந்து வெளியிட்டார்கள். இப்போது இணையக் கடைகளில் எவர்சில்வர் பலகை, டைட்டானியம் பலகை என்று விதவிதமாக விற்கிறார்கள். வாங்கியவர்களுக்கு அடுத்த சந்தேகம் வருகிறது: பலகையை மாற்றியதிலிருந்து கத்தி சீக்கிரம் மொக்கையாகிறதே, குற்றம் கத்தியிடமா, பலகையிடமா? "பலகையின் உலோகம் கத்தியைவிட மென்மையானது, அதனால் கத்திக்கு ஒன்றும் ஆகாது" என்பது விற்பவர்கள் சொல்லும் பதில். அதில் முன்பாதி சரி, பின்பாதி தவறு. ஏன் தவறு என்பது விளங்க, கத்தியின் வாயிலிருந்து தொடங்க வேண்டும்.

கூர் என்பது எவ்வளவு மெல்லியது?

இரண்டு சரிவுகள் சந்திக்கும் கோடுதான் கத்தியின் வாய். நன்றாகத் தீட்டிய சமையல் கத்தியில் அந்தக் கோட்டின் தடிமன் ஏறக்குறைய 1 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான். கோடு உருண்டு பத்து மைக்ரானைத் தாண்டும்போது தக்காளித் தோலில் கத்தி வழுக்கத் தொடங்கும். கை கொடுக்கும் அழுத்தம் மாறவில்லை. அது பரவும் இடம் பத்து மடங்கு அகலமாகிவிட்டது. அதை ஈடுகட்ட நாம் இன்னும் ஓங்கி அழுத்துகிறோம். மொக்கைக் கத்தி கையை வெட்டுவது இந்த இடத்தில்தான். அழுத்திய வேகத்தில் வழுக்கினால் அதை நிறுத்த முடியாது.

கூர் எத்தனை நாள் நிற்கும் என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது.

1. கோணம். ஒவ்வொரு பக்கச் சரிவும் எத்தனை டிகிரி என்பது. ஜெர்மன் பாணிக் கத்திகளுக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி, ஜப்பானியக் கத்திகளுக்கு 10 முதல் 15. கோணம் குறைந்தால் காய்க்குள் எளிதாக இறங்கும், ஆனால் வாய் பலவீனமாகும்.

2. எஃகின் கடினம். இதை ராக்வெல் சி என்ற அளவில் சொல்வார்கள்; எண் கூடினால் கடினம் கூடும். 0.5 சதவீதம் கரியும் 15 சதவீதம் குரோமியமும் கொண்ட ஜெர்மன் எஃகு 56 முதல் 58 வரை வரும். ஜப்பானின் விஜி-10 எஃகில் கரி ஏறக்குறைய 1 சதவீதம். கடினம் 60-ஐத் தொடும். பாத்திரக் கடையில் பிளாஸ்டிக் பிடியோடு கிடைக்கும் மெல்லிய எவர்சில்வர் கத்தியில் கரி மிகக் குறைவு. கடினம் ஐம்பதுகளின் தொடக்கத்தில்தான் இருக்கும். அது சீக்கிரம் மழுங்கும், ஆனால் அதைப்போலச் சுலபமாகத் தீட்டக்கூடிய கத்தியும் வேறில்லை. மட்டமான கத்தி என்று அதைத் தூக்கிப் போட வேண்டாம்.

கடினம் கூடினால் எல்லாம் நல்லது என்று நினைக்கக் கூடாது. கடின எஃகு வளையாது, உடையும். முருங்கைக்காயைப் பொத்தென்று போட்டு வெட்டுகிற கைக்கும் எலும்புக் கறி வெட்டுகிற வீட்டுக்கும் 62 கடினமுள்ள ஜப்பானியக் கத்தி பொருந்தாது.

மழுங்குவதில் நான்கு வகை

எல்லா மழுங்கலுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. எந்த வகை என்று தெரியாமல் சாணைக்குக் கொடுப்பதால்தான் கத்திகள் சீக்கிரம் தேய்ந்து ஒல்லியாகின்றன.

1. வாய் மடங்குதல். மென்மையான எஃகில் இதுதான் அதிகம். உலோகம் எங்கும் போய்விடவில்லை. வாய் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பலகையில் கத்தியைப் பக்கவாட்டில் திருகுவதும், நறுக்கிய காயைக் கத்தியின் வாயாலேயே வழித்துப் பாத்திரத்தில் தள்ளுவதும் முக்கியக் காரணங்கள். வழிக்கக் கத்தியின் முதுகு இருக்கிறது. இந்த ஒரு பழக்கத்தை மாற்றினாலே தீட்டும் இடைவெளி நீளும்.

2. தேய்தல். கீரையிலும் சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு போன்றவற்றிலும் ஒட்டியிருக்கும் மணலைக் கவனியுங்கள். மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். அது கத்தி எஃகைவிடக் கடினமானது. கழுவாத கீரைக்கட்டை நறுக்குவது கத்தியை உப்புத்தாளில் இழுப்பதற்குச் சமம். கீரையை நறுக்கியபின் கழுவுவதால் சத்தும் போகிறது, கத்தியும் போகிறது.

3. சில்லு பெயர்தல். தேங்காய் ஓட்டிலிருந்து கீற்றை நெம்பி எடுப்பது, உறைந்த மீனை வெட்டுவது, எலும்பில் மோதுவது ஆகியவற்றால் வரும். வெளிச்சத்தில் பார்த்தால் வாயில் சிறு பல்வரிசை தெரியும். தேங்காய்க்கென்று மழுங்கிய முனையுள்ள தனிக் கத்தி வைத்துக்கொள்வது உத்தமம்.

4. அரிப்பு. எலுமிச்சை, புளி, தக்காளி, உப்பு. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது முழு உண்மையல்ல. உப்பிலுள்ள குளோரைடு, எவர்சில்வரைத் துருவிலிருந்து காக்கும் குரோமியப் படலத்தைத் துளைத்துப் புள்ளி புள்ளியாகக் குழி போடும். கத்தியின் மற்ற இடங்களில் அந்தக் குழி பெரிதல்ல. 1 மைக்ரான் வாயில் அதுவே பெரிய பள்ளம். ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிய கத்தியை உடனே கழுவித் துடைக்க வேண்டும். சிங்க்கில் இரவு முழுவதும் கிடக்கவிட்டால் காலையில் வாய் சொரசொரத்திருக்கும்.

எந்த வகை என்று கண்டுபிடிக்க விளக்கு போதும். கத்தியின் வாய் மேலே இருக்கும்படி பிடித்து, நேர் வெளிச்சத்தில் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கூரான வாய் கண்ணுக்கே தெரியாது. ஒளியைத் திருப்பி அனுப்ப அங்கே பரப்பு இல்லை. மழுங்கிய இடங்களில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னும். பெரும்பாலான வீட்டுக் கத்திகளில் பிடியிலிருந்து சற்றுத் தள்ளி, வெங்காயம் நறுக்கும்போது பலகையைத் தொடும் அந்த நடுப்பகுதி மட்டும் மின்னும். முனையும், பிடியை ஒட்டிய அடியும் நன்றாகவே இருக்கும்.

மென்மையான பலகை எப்படிக் கத்தியைக் கெடுக்கிறது?

சாதாரண எவர்சில்வர் தகடு, கடினப்படுத்திய கத்தி எஃகைவிட மூன்று நான்கு மடங்கு மென்மையானது. டைட்டானியமும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனாலும் கத்தி மழுங்குகிறது. காரணம், மோதலின் முழுப் பாரமும் 1 மைக்ரான் கோட்டில் இறங்குகிறது. மரப்பலகையில் நார்கள் விலகி இடம் கொடுக்கும். வாய் உள்ளே சற்று இறங்கி நிற்கும். உலோகத் தகடு விலகுவதில்லை. தகட்டில் கீறல் விழும் அதே நொடியில் வாயும் வளைகிறது.

இதைவிட வியப்பான சான்று ஒன்று உண்டு. 2020 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சவரப் பிளேடு பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தலைமுடி பிளேடு எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மை. அப்படியிருந்தும் முடி பிளேடிலிருந்து சில்லைப் பெயர்த்தது. முடி நேராக நிற்காமல் சாய்ந்து வளையும்போது, எஃகின் உள்ளமைப்பில் சீரற்ற இடங்களில் விசை குவிந்து விரிசல் விடுகிறது என்று மின்னணு நுண்ணோக்கியில் காட்டினார்கள். ஆக, "இது மென்மையானது" என்ற உத்தரவாதம் கத்தியின் வாய்க்குச் செல்லாது. விசை எந்தத் திசையில் வருகிறது, எவ்வளவு சிறிய இடத்தில் குவிகிறது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பலகை விஷயத்தில் என் பரிந்துரை வெளிப்படையானது: மரம். வேம்பு, மா, தேக்கு எதுவானாலும் சரி. மூங்கில் மரத்தைவிடக் கொஞ்சம் கடுமை, ஆனால் பாதகமில்லை. கண்ணாடி, கிரானைட் மேடை, பளிங்கு, சாப்பாட்டுத் தட்டு ஆகியவற்றின் மேல் நேராக வெட்டவே கூடாது. கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது, நான்கு வெட்டில் வாய் போய்விடும். உலோகப் பலகையை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைச் சப்பாத்தி மாவு பிசையவும் மீன், இறைச்சி கழுவி வைக்கவும் பயன்படுத்தலாம். அதற்கு நல்ல பொருள்தான்.

எந்தக் கல்?

கல்லின் பொடித்தன்மையைக் கிரிட் எண்ணால் சொல்வார்கள். எண் கூடக்கூடத் துகள் சிறிதாகும். வீட்டுக்கு 1000 கிரிட் கல் ஒன்று இருந்தால் தொண்ணூறு சதவீத வேலை முடிந்துவிடும். சில்லு பெயர்ந்த கத்திக்கு 300 அல்லது 400 வேண்டும். 3000-க்கு மேல் போவது மீன் சதையைத் தாள்போல அறுக்க உதவும். தக்காளிக்கும் வெண்டைக்காய்க்கும் 1000-இல் வரும் கண்ணுக்குத் தெரியாத பல்வரிசையே நல்ல பிடிப்பு கொடுக்கும், அதைப் பளபளப்பாக்கிக் கெடுக்க வேண்டாம்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இருபக்கக் கார்போரண்டம் கல், அதாவது சிலிக்கன் கார்பைடு, மலிவானது. 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் கண்டறிந்த பொருள் இது. சென்னையின் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954-இலிருந்து இத்தகைய கற்களின் தொழிலில் இருக்கிறது. இதன் நைஸ் பக்கம்கூட 1000 கிரிட்டைவிட நன்றாகவே கரடுமுரடு. மென்மையான எவர்சில்வர் கத்திக்கும் அரிவாள்மணைக்கும் அது போதும். பீங்கான் ஜாடியின் அடியில் மெருகு பூசாத வளையம் இருக்குமே, அது அவசரத்துக்கு நைஸ் கல்லாக உதவும். கருங்கல் படியிலும் அம்மியின் பக்கவாட்டிலும் தீட்டலாம்தான். துகள் ஒரே அளவில் இல்லாததால் வாய் ரம்பம்போல வரும், அதிக நாள் நிற்காது.

தீட்டும் முறை

1. நீர்க்கல்லை, அதாவது தண்ணீர் விட்டுத் தீட்டும் கல்லை, குமிழி நிற்கும்வரை, ஏறக்குறைய 10 நிமிடம், தண்ணீரில் ஊறவிடுங்கள். ஊறத் தேவையில்லாத கல் என்றால் மேலே நீர் தெளித்தால் போதும். ஈரத்துணியை மடித்து அதன்மேல் வையுங்கள். கல் நகரக் கூடாது.

2. கத்தியைக் கல்லில் படுக்க வைத்து முதுகைத் தூக்குங்கள். எவ்வளவு தூக்குவது என்பதற்கு எளிய கணக்கு: கத்தியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தூக்கினால் ஏறக்குறைய 20 டிகிரி, நான்கில் ஒரு பங்கு தூக்கினால் 15 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. 42 மி.மீ. அகலக் கத்திக்கு 14 மி.மீ.; 21 மி.மீ. அகலமுள்ள சின்னக் கத்திக்கு 7 மி.மீ. மலிவு எவர்சில்வருக்கு 20 டிகிரியே நல்லது.

3. முதல் தடவை தீட்டுகிறவர்கள் வாயோரம் முழுவதும் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசுங்கள். நான்கு தேய்ப்புக்குப் பின் பாருங்கள். முழுச் சரிவிலும் மை போயிருந்தால் கோணம் சரி. சரிவின் மேல்பகுதியில் மட்டும் போய், வாயோரம் கறுப்பாக நின்றால் கோணம் குறைவு. எத்தனை மணிநேரம் தேய்த்தாலும் கூர் வராது. வீட்டில் தீட்டித் தோற்பவர்களில் பெரும்பாலானவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

4. அடியிலிருந்து முனைவரை, இரண்டு மூன்று விரல்களால் வாய்க்கு மேலாக அழுத்தி முன்னும் பின்னும் தேயுங்கள். அழுத்தம் தெரிய, கல்லைச் சமையலறைத் தராசின் மேல் வைத்து ஒருமுறை பழகிப் பாருங்கள்: தொடக்கத்தில் ஒன்றரைக் கிலோ காட்டினால் போதும். முனைக்கு வரும்போது பிடியைச் சற்று உயர்த்த வேண்டும், இல்லையென்றால் வளைவு கல்லைத் தொடாது. கல்லின் மேல் சேரும் கரிய சேற்றைக் கழுவாதீர்கள், அதுவும் தேய்க்கிறது.

5. ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே இருங்கள், மறுபக்கத்தில் பிசிறு எழும்வரை. முதுகிலிருந்து வாயை நோக்கி, வெளிப்புறமாக, விரலை வழித்தால் வாயோரத்தில் ஏதோ பிடிப்பது தெரியும். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டக் கூடாது. அடியிலிருந்து முனைவரை எங்கும் பிசிறு வந்தபின் கத்தியைத் திருப்பி மறுபக்கத்தைத் தீட்டுங்கள்.

6. பிறகு பக்கத்துக்கு ஐந்து, மூன்று, ஒன்று என்று எண்ணிக்கையையும் அழுத்தத்தையும் குறையுங்கள். கடைசித் தேய்ப்புகளில் கத்தியின் சொந்தப் பாரம் மட்டுமே கல்லில் இருக்க வேண்டும்.

பிசிறுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்

"சாணை பிடித்த அன்று நன்றாக வெட்டியது, இரண்டே நாளில் பழையபடி ஆகிவிட்டது" என்ற புகாரைக் கேட்காத வீடு இல்லை. அதற்குப் பெரும்பாலும் பிசிறுதான் பொறுப்பு.

தேய்க்கும்போது இரு சரிவுகளும் சந்தித்ததும், மேலும் தேயும் உலோகம் உதிர்ந்து விழாமல் மறுபக்கம் மெல்லிய தகடாக வளைந்து நிற்கிறது. அதுவே பிசிறு. அது எழுந்தால் சரிவு வாய்வரை போய்விட்டது என்று பொருள். ஆகவே அது நல்ல அறிகுறி. ஆனால் அதை அப்படியே விட்டால், அந்தத் தகடே போலிக் கூராக வேலை செய்யும். தாளைச் சர்ரென்று கிழிக்கும். அடுத்த நாள் கேரட்டில் பட்டதும் மடங்கும் அல்லது ஒடியும். ஒடிந்த இடத்தில் மிஞ்சுவது தட்டையான, மொக்கை வாய்.

மென்மையான எவர்சில்வரில் பிசிறு பிடிவாதமானது. இந்தப் பக்கம் தேய்த்தால் அந்தப் பக்கம் சாயும். அழுத்தத்தைக் குறைத்து மாறிமாறி ஒற்றைத் தேய்ப்பாகத் தேய்ப்பதுதான் வழி. கடைசி இரண்டு தேய்ப்பை வாய் முன்னே செல்லும்படி, கல்லின் மேல் மெல்லிய சீவல் எடுப்பதுபோல, மிக இலேசாகச் செய்தால் பிசிறு அறுபடும். பிறகு பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்திலோ, கல்லின் மேல் விரித்த நாளிதழிலோ, முதுகு முன்னே செல்லும்படி பக்கத்துக்குப் பத்துமுறை இழுங்கள். நாளிதழைத் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சிக்கினால் அந்த இடத்தில் இன்னும் பிசிறு இருக்கிறது.

கம்பி, இழுவைக் கருவி, சாணைச் சக்கரம்

கத்திப் பெட்டியோடு வரும் நீளமான இரும்புக் கம்பி முதல் வகை மழுங்கலுக்கு, அதாவது மடங்கிய வாய்க்கு, உரியது. பக்கத்துக்கு மூன்று நான்கு இழுப்பு, இலேசாக, அதே கோணத்தில். தேய்ந்துபோன வாயை அது மீட்காது. 60-க்கு மேல் கடினமுள்ள கத்தியில் வரியுள்ள இரும்புக் கம்பியைப் பயன்படுத்தினால் சில்லு பெயரும். அதற்கு நைஸ் பீங்கான் கம்பி.

நூறு, இருநூறு ரூபாய்க்கு வரும் 'வி' வடிவ இழுவைக் கருவி, இரண்டு கடின உலோகத் தகடுகளால் வாயைச் சுரண்டி எடுக்கிறது. உடனே வெட்டும் என்பது உண்மை. கூடவே உலோகத்தைத் தாறுமாறாகப் பிய்க்கும். கருவி அடிவரை எட்டாததால் சில மாதங்களில் பிடிக்கு அருகே ஒரு குழி விழும், கத்தி பலகையில் முழுதாகப் படியாது, வெங்காயம் அடியில் அறுபடாமல் மாலையாகத் தொங்கும்.

தெருவில் சைக்கிளில் வரும் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாமா? சில்லு பெயர்ந்த கத்திக்கும் அரிவாளுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். கையால் அத்தனை உலோகத்தை எடுக்க நேரமாகும். கவனிக்க வேண்டியது சூடு. மெல்லிய வாயில் சூடு ஓடிப்போக இடமில்லை. கரி எஃகில் வைக்கோல் மஞ்சள் தெரிந்தால் 220-230 டிகிரி செல்சியஸ், நீலம் தெரிந்தால் ஏறக்குறைய 300. கத்திக்குப் பதம் கொடுத்த சூட்டைத் தாண்டிவிட்டால் அந்த இடம் மென்மையாகிவிடும், திரும்பக் கடினமாகாது. எவர்சில்வரில் நிறம் இன்னும் அதிகச் சூட்டில்தான் தோன்றும் என்பதால், நிறம் மாறவில்லை என்று நிம்மதியடைய முடியாது. "அப்பப்ப தண்ணியில முக்கி எடுத்துப் புடிங்கண்ணே" என்று சொல்லி, பக்கத்தில் ஒரு சொம்பில் தண்ணீரும் வைத்தால் போதும். வீட்டுக்கு வந்ததும் நைஸ் கல்லில் பிசிறு எடுக்க வேண்டும். சக்கரம் அதைச் செய்வதில்லை.

ரம்பப் பல் வைத்த கத்தியைத் தட்டைக் கல்லில் தீட்ட முடியாது. பீங்கான் கத்திக்கு வைரத்தூள் கல் மட்டுமே.

அரிவாள்மணைக்குத் தனி முறை

மணையில் கத்தி நகர்வதில்லை, காய்தான் நகர்கிறது. அதனால் பலகையோடு மோதும் பிரச்சினையே அதற்கு இல்லை. மடங்கல் குறைவு, தேய்வும் துருவும்தான் அதிகம். தீட்டும்போதும் மணை அசையாமல் இருக்க, கல்லைக் கையில் பிடித்து வாயின் வளைவோடு கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். கல்லின் அகன்ற முகம் உள்வளைவில் படியாது; கல்லின் ஓரத்தைப் பயன்படுத்துங்கள். இரும்பு மணையில் வாழைப்பூவும் வாழைக்காயும் கறுப்பது, அவற்றிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்வதால். நறுக்கியதை மோர் கலந்த நீரில் போட்டாலும் அந்தக் கறை முழுதாகப் போகாது. எவர்சில்வர் வாயில் நறுக்குவதே வழி. வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் துரு ஏறாது.

வெங்காயம் சொல்லும் கணக்கு

வெங்காயச் செல் உடைந்தால்தான் அதற்குள் தனித்தனியாக இருந்த நொதியும் கந்தகச் சேர்மமும் சந்தித்துக் கண்ணெரிச்சல் வாயு உண்டாகும். மழுங்கிய வாய் செல்களின் நடுவே போவதற்குப் பதில் பல அடுக்குகளை நசுக்கிவிட்டுப் பிறகு அறுக்கிறது. 2025-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெங்காயம் வெட்டும்போது தெறிக்கும் துளிகளை அதிவேகக் கேமராவில் பார்த்தார்கள். மழுங்கிய பிளேடு தோலை முதலில் உள்ளே அழுத்துகிறது. அடுக்குக்குள் அழுத்தம் ஏறி, தோல் கிழிந்ததும் சாறு பீய்ச்சி அடிக்கிறது. கூரான பிளேடிலும் நிதானமான வெட்டிலும் துளிகள் குறைந்தன, வேகமும் தணிந்தது.

இரும்புக் கறை இல்லாமலே கத்தரிக்காயும் வாழைக்காயும் கறுப்பதும் இதே வழிதான். கூரான கத்தியில் நறுக்கிய வெண்டைக்காயில் கொழகொழப்பு குறைவாகக் கசியும். பலாப்பழம் அரியும்போது மட்டும் கூர் எவ்வளவு இருந்தாலும் பால் ஒட்டும். வாயிலும் கையிலும் முன்பே எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும்.

சில வருடங்களுக்குப் பின்

தினசரி சமையல் நடக்கும் வீட்டில் மென்மையான எவர்சில்வர் கத்திக்கு மாதம் ஒருமுறை 1000 கிரிட்டும், நல்ல ஜெர்மன் எஃகுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் போதும். கரண்டிகளோடு பாத்திரக் கூடையில் போடாமல், மரச்செருகியிலோ காந்தப் பட்டையிலோ வைத்தால் இந்த இடைவெளி கூடும்.

இப்படித் தீட்டத் தீட்ட வாய் முதுகை நோக்கி நகரும். முதுகுப் பக்கம் உலோகம் தடித்தது. அதனால் சில வருடங்களில், தாளைச் சுலபமாக வெட்டும் அதே கத்தி கேரட்டில் பாதிவரை இறங்கி, "டக்" என்று பிளக்கும். வாய் கூர்தான், அதன் பின்னால் உள்ள உடல்தான் ஆப்பாகிவிட்டது. மீண்டும் வாயைத் தீட்டிப் பயனில்லை. 300 அல்லது 400 கிரிட் கல்லில் முதுகை 3 முதல் 5 டிகிரி மட்டும் தூக்கி, வாய்க்கு மேலுள்ள ஒரு விரல் அகலத்தை இருபுறமும் தேய்த்து மெல்லியதாக்க வேண்டும். வாயைத் தொடாமல் அரை மணிநேர வேலை. அதன்பின் 1000 கல்லில் புதிய வாய் வையுங்கள்.

இதற்குள் கல்லும் நடுவில் குழிந்திருக்கும். குழிந்த கல் கோணத்தைத் தானாக மாற்றிவிடும். தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் 120 எண் வாட்டர் பேப்பரை ஒட்டி, கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, கோடுகள் எல்லாம் அழியும்வரை ஈரத்தில் தேயுங்கள்.